கறுத்தக்கொழும்பானா, டொம் ஈஜேசியா? மட்டக்களப்பு வளவுக்கு எந்த மாமரத்தை ஒட்டலாம்

ருசியை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. முற்றவிட்டுப் பறித்து, வைக்கோலுக்குள் பழுத்த ஒரு கறுத்தக்கொழும்பானுக்கு முன்னால் டொம் ஈஜேசி தோற்றுப்போகும். டொம் இனிக்கும், ஆனால் மணம் குறைவு. வீட்டுக்குள் ஒரு கறுத்தக்கொழும்பான் பழுத்தால் வாசலிலேயே தெரியும். அப்படியிருந்தும், பதினைந்து இருபது பேர்ச் வளவில் ஒரேயொரு மாமரத்துக்குத்தான் இடம் என்று யாராவது கேட்டால், இங்கே சொல்லப்போகும் பதில் டொம் ஈஜேசிதான். இவை இரண்டோடு விலாட்டும் சேர்த்து மூன்று இனமும் ஒரே வளவில் நிற்கப் பார்த்து எடுத்த முடிவு இது.

பழத்தின் வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். டொம் பெரிய பழம்: அரைக் கிலோவுக்கு மேலேதான் நிற்கும், ஒரு கிலோவைத் தொடுவதும் உண்டு. நார் இல்லை, கொட்டை தட்டை. கறுத்தக்கொழும்பான் கிலோவுக்கு இரண்டு மூன்று. பழுத்தாலும் தோலில் கரும்பச்சை முழுதாகப் போகாது, அதனால் தெரியாதவர்கள் காய் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விலாட் சின்னப் பழம், கிலோவுக்கு நாலைந்து, கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

விலாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வளவு, வீட்டுக்காரர் வெளிநாட்டில், சாவி பக்கத்து வீட்டில் என்றால் விலாட்டை வைத்துவிட்டுப் போகலாம். மற்ற இரண்டையும் விட அது பொறுத்துக்கொள்ளும். பழம் சிறிது என்பதால் பழ ஈ பிடித்து நூறு போனாலும் மீதி நூறு இருக்கும். ஆனால் பழ ஈ வராமல் ஒவ்வொரு பழத்துக்கும் உறை போடும் கணக்கு இதில் சரிவராது, யாரும் போடப்போவதுமில்லை. அம்பலவி, வெள்ளைக்கொழும்பான் இரண்டும் நல்ல உலர்வலய மாமரங்கள்தான். இங்கே அவற்றின் ஒட்டுக்கிளை, அதாவது ஒட்டுவதற்கு வெட்டியெடுக்கும் நுனிக்கிளை, தேடிப் பிடிப்பதுதான் பாடு.

இடையில் ஒன்று. இணையத்தில் “சூட்டு நிலத்துக்கான அப்பிள் கன்று” என்று விற்கிறார்கள். அப்பிளில் குறைந்த குளிர் போதும் என்று பேர்பெற்ற அன்னா இனத்துக்கே 7 பாகை செல்சியசுக்குக் கீழே இருநூறு முந்நூறு மணித்தியாலக் குளிர் வேண்டும். மட்டக்களப்பில் மார்கழி விடியற்காலையிலும் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மரம் உயிரோடு நிற்கும், இலையும் விடும், அதற்கு மேலே எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் காசுக்கு நல்ல ஒட்டுமாங்கன்று வாங்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். வீட்டு வளவுக்கு மாமரத்தைத் தெரிவதில் தீர்ப்புச் சொல்வது ருசியல்ல, விலையல்ல, மரத்தின் உயரம். காய் கைக்கு எட்டுமா எட்டாதா என்பதுதான் கேள்வி.

மாமரம் எந்த இனமானாலும் கிளை நுனியில்தான் பூக்கும். மரம் உயர உயரக் காய்ப்பும் கூடவே மேலே ஏறிவிடும். கறுத்தக்கொழும்பான் இயல்பிலேயே ஓங்கி வளரும் மரம். விட்டால் முப்பது அடியைத் தாண்டி, அகலத்திலும் பக்கத்து வேலியைத் தாண்டும். அந்த உயரத்தில் தொங்கும் காயில் முதல் பங்கு அணிலுக்கு, இரண்டாம் பங்கு வௌவாலுக்கு, மிச்சத்தில் பாதி பழ ஈக்கு. கொக்கத்தடியால் இழுத்தால் காம்பு முறிந்து பால் வழிந்து தோல் சுடும், கீழே விழுந்தது அடிபட்ட பக்கத்தால் அழுகும். நல்ல பழம் வேண்டுமென்றால் காம்பில் ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட வேண்டும். அதைத் தடியின் நுனியால் செய்ய முடியாது.

பழ ஈதான் இங்கே பெரிய பிரச்சினை. காய் முற்றும் நேரத்தில் பெண் ஈ தோலைத் துளைத்து முட்டையிடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளி, வெட்டினால் உள்ளே புழு. மீதைல் யூஜினோல் பொறி தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் விழும், எண்ணிக்கை குறையும். ஆனால் பக்கத்து வளவில் கருத்தரித்து வரும் பெண் ஈ அந்தப் பொறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விழுந்த பழத்தைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது உதவும், நாலு வளவும் சேர்ந்து செய்தால். நம்பி இருக்கக்கூடிய ஒரே வழி உறை.

உறை போடுவதற்கு ஒரு நேரம் உண்டு. காய் கோழிமுட்டை அளவு வரும்போது, அதாவது பூத்து ஏழெட்டு வாரத்தில். அதற்கு முன் போட்டால் இயல்பாக உதிரும் பிஞ்சுக்கும் சேர்த்து உறை வீணாகும், பிந்தினால் ஈ முந்திவிடும். போடுவதற்கு முதல்நாள் மன்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லியைத் தெளித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உறைக்குள் அந்திரக்னோஸ் என்ற பூஞ்சண நோயின் கரும்புள்ளி படரும், வெண்மூட்டுப்பூச்சியும் குடியேறும். கடதாசி உறைதான் நல்லது. உள்பக்கம் கறுப்பாக வரும் உறைக்குள் டொம் பழம் பொன்மஞ்சளாக வரும். அது கிடைக்காவிட்டால் பத்திரிகைத் தாளை இரட்டையாக மடித்து ஒட்டினாலும் காரியம் நடக்கும், ஆனால் மழையில் ஒரு தடவை நனைந்தால் மாற்ற வேண்டும். பொலித்தீன் பையைக் கட்டுவது பழத்தை அவிப்பதற்குச் சமம். வாயைக் காம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டாவிட்டால் எறும்பு உள்ளே போய் வெண்மூட்டுப்பூச்சியை மேய்க்கத் தொடங்கும்.

நிலத்தில் நின்று ஒரு மரத்துக்கு நூறு உறை போட ஒரு காலைப்பொழுது போதும். ஏணி வைத்து, கிளையில் தொங்கிக்கொண்டு என்றால் முதல் வருஷம் போடுவார்கள், அடுத்த வருஷம் விட்டுவிடுவார்கள்.

“கறுத்தக்கொழும்பானையும் வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கலாமே” என்று கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் அந்த மரம் வெட்டுக்குக் கோபிக்கும். பலமாகக் கத்தரித்தால் கொழுந்தாகத் தள்ளிவிட்டு அந்த வருஷம் பூக்காமல் நிற்கும், சிலவேளை அடுத்த வருஷமும். ஏற்கெனவே ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுக்கும் குணம் அதற்கு உண்டு. டொம் அப்படியல்ல. பறித்து முடிந்ததும் வெட்டினால் துளிர்த்து, முற்றி, அதே மாரி முடியப் பூக்கும். பத்தடிக்குள் நிறுத்திவைத்தும் ஆண்டுக்காண்டு காய்ப்பு எடுக்கலாம். இதுதான் அதன் பக்கம் சாயவைக்கும் ஒரே காரணம், ஆனால் போதுமான காரணம்.

வெள்ளைக்கொழும்பானை அடிக்கட்டையாக, அதாவது வேரோடு கீழே நிற்கும் கன்றாக, வைத்தால் மேலே ஒட்டும் மரம் சற்றுக் குட்டையாக நிற்கும் என்பதை இந்தியாவில் அல்போன்சா இனத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த விதை கையில் கிடைத்தால் கறுத்தக்கொழும்பான் பிரியர்கள் முயற்சி செய்து பார்க்கலாம்.

வெட்டும் காலம் தவறினால் டொம்மும் ஏமாற்றும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தை, மாசியில் பூத்து வைகாசி முதல் ஆடிக்குள் பறிப்பு முடியும். முடிந்து இரண்டு மூன்று கிழமைக்குள், ஆவணி கடக்க முதல் வெட்டிவிட வேண்டும். பூக்கப்போகும் நுனி குறைந்தது நாலு மாதம் முற்றியிருக்க வேண்டும் என்பதே கணக்கு. ஐப்பசியில் வெட்டினால் மழையோடு வரும் கொழுந்து தையில் இன்னும் பிஞ்சுக் கிளை, அது பூக்காது, இன்னொரு கொழுந்துதான் தள்ளும். வெட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். கிளையில் இலைகள் நெருங்கிக் கூடிய கணு வளையம் தெரியும். அதற்கு மேலே வெட்டினால் அந்த வளையத்திலிருந்து ஏழெட்டுத் துளிர் ஒரே இடத்தில் கிளம்பி, ஒன்றையொன்று நெரித்து, பிறகு காற்றில் கவட்டோடு பிளக்கும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் மூன்று நாலு துளிர் இடைவெளி விட்டு வரும். கன்றாக இருக்கும்போதே இரண்டடியில் முதல் வெட்டு, மூன்று நாலு கிளையை நாலு திசைக்கும் விட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை இரண்டடி ஆனதும் மறுபடி ஒரு நுனிவெட்டு. முதல் இரண்டு வருஷம் வரும் பூவைக் கிள்ளி எறியத்தான் வேண்டும், மனம் வராவிட்டாலும்.

காற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது. காய் தொங்கும் மாதங்கள்தான் கச்சான் காற்று வீசும் மாதங்கள். டொம்மின் பெரிய காய் நீளக் காம்பில் ஊஞ்சலாடிக் கிளையில் உரசும், இது அதன் பலவீனம். உறை அதில் பாதியைத் தடுக்கும், மீதிக்குக் கிளைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் மாரியில் வரும் பெரிய காற்றுக்குக் குட்டை மரமே நல்லது. 1978 நவம்பர் 23 சூறாவளியை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உயர்ந்து நின்ற மரம் வீட்டுக் கூரைக்கும் ஆபத்து என்று அன்று தெரிந்துகொண்டோம்.

டொம்மை வைத்தால் வரும் செலவையும் சொல்லவேண்டும். முதலில் தண்ணீர். காய் கோலிக்குண்டு அளவிலிருந்து பறிப்பு வரை அது தாகமாகவே இருக்கும். வாவிக்குக் கிழக்கே கடலோரம் உள்ள எழுவான்கரை மணலில் வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலைந்து வாளி இல்லாமல் காய் கொழுக்காது. ஒரு கிழமை மறந்துவிட்டு மொத்தமாக ஊற்றினால் வெடிக்கும், உதிரும். அதே நேரம் கார்த்திகைக்குப் பிறகு பூ வரும்வரை ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது, யூரியாவும் போடக்கூடாது, போட்டால் பூவுக்குப் பதில் இலைதான். வாவியோரக் கிணறுகளில் ஆடி ஆவணியில் நீர் உவர்க்கும். இலை நுனி எரிந்தது போல் பழுப்பாகி ஓரம் சுருண்டால் அது நோயல்ல, உப்பு. மருந்து தெளித்துப் பயனில்லை. குழியின் அடியில் பொச்சுமட்டையைப் பரப்பி நட்டு, மேலே சருகும் மட்டையும் மூடாக்காகப் போட்டால் ஊற்றும் அளவு குறையும். அப்படியும் கிணறு உவர்க்கும் வளவென்றால் விலாட்டுக்குப் போவது புத்தி.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் வயலோர நிலங்களிலும் கதை வேறு. அங்கே தண்ணீர் தேங்குவதுதான் சிக்கல். ஒன்றரை அடி உயர்த்திய மேட்டில் நடாவிட்டால் முதல் மாரியிலேயே கன்றின் வேர் அழுகும்.

இரண்டாவது, வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு என்ற விளம்பரம். டொம் ஆடி ஆவணியிலும் பூக்கும், உண்மை. ஆனால் அந்தப் பூவின் காய் முற்றுவது எங்கள் அடைமழைக்குள். மழை ஈரத்தில் அந்திரக்னோஸ் பழம் முழுக்கக் கறுப்புத் தேமல் போடும். வேறு மாவட்டத்தில் அது லாபமாக இருக்கலாம், இந்தக் கரையில் அந்தப் பூவைக் கிள்ளிவிட்டு மரத்தை தைக்குத் தயார்படுத்துவதே மேல். மூன்றாவது, இங்கே நிற்கும் டொம் மரங்கள் இன்னும் இளசு. நாற்பது ஐம்பது வருஷக் கறுத்தக்கொழும்பான் நின்று காய்ப்பதை ஊரெல்லாம் பார்க்கலாம், அந்த வயதில் டொம் எப்படி இருக்கும் என்பதற்குக் காட்ட மரம் இல்லை.

கன்றை வாங்குவதா, தானே ஒட்டுவதா என்பது அடுத்த கேள்வி. வாங்கினால் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆப்புத் தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலே இரண்டு தடவையாவது கொழுந்து விட்டு முற்றியிருக்க வேண்டும். “டொம் என்று வாங்கினோம், நார்மாங்காய் காய்க்குது” என்ற முறைப்பாட்டின் பின்னால் பெரும்பாலும் களவு இல்லை. ஒட்டு பட்டுப்போய், கீழே அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர் மரமாகிவிட்டது. ஒட்டுக்குக் கீழே வரும் எந்தத் துளிரையும் அன்றன்றே பிடுங்க வேண்டும். பையின் அடியில் ஆணிவேர் சுருண்டு கிடக்கும் பழைய கன்றை மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

பொறுமை இருந்தால், நிற்கப்போகும் இடத்திலேயே நாட்டு மாங்கொட்டையைப் போட்டு, அடுத்த வருஷம் அதன்மேல் ஒட்டுவது சிறந்தது. ஆணிவேர் தடையில்லாமல் நேரே இறங்கும், மணலில் காற்றுக்கு அதுதான் பிடிமானம். கொட்டை உலர்ந்தால் முளைக்காது, பழம் தின்ற கிழமைக்குள் போடவேண்டும். ஓட்டை ஓரமாகக் கத்தரித்து உள்பருப்பை எடுத்து, வளைந்த முதுகு மேலே இருக்க ஓரங்குல ஆழத்தில் வைத்தால் இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும். ஒரே கொட்டையில் பல முளை வந்தால் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம்.

ஒட்டுக்கட்ட நல்ல காலம் ஆவணி, புரட்டாதி. தை மாசியில் எடுக்கும் ஒட்டுக்கிளையில் பூமொட்டு இருக்கும், ஒட்டிய பிறகு பூத்துவிட்டுக் காயும். மாரிக்குள் கட்டினால் அழுகும். அடிக்கட்டை பென்சில் தடிப்பு வரவேண்டும், எட்டு முதல் பன்னிரண்டு மாதம். தாய்மரத்தில் மூன்று நாலு மாதம் முற்றிய, உருண்டையான நுனிக்கிளையைத் தெரிந்து, வெட்டுவதற்கு எட்டுப் பத்து நாளுக்கு முன் இலைகளைக் காம்பு விட்டு நறுக்கிவிட வேண்டும். காம்பு தொட்டால் விழும், நுனி மொட்டு புடைத்திருக்கும், இன்னும் விரியவில்லை என்றால் அதுதான் பதம். அரைச் சாண் முதல் ஐந்தாறு அங்குலம் வரை நீளம் போதும். ஈரப் பத்திரிகையில் சுற்றிப் பொலித்தீனுக்குள் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

அடிக்கட்டையை ஒரு சாண் உயரத்தில் வெட்டுங்கள், கீழே நாலைந்து இலை நிற்கட்டும். நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்து, ஒட்டுக்கிளையின் அடியை அதே நீளத்தில் இரு பக்கமும் ஆப்பாகச் சீவி இறக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வெட்டு, திரும்பத் திரும்பச் சீவினால் பரப்பு அலையாகி இடையில் காற்று நிற்கும். இரண்டும் ஒரே தடிப்பு இல்லாவிட்டால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கத் தோலோடு தோல் சேர வையுங்கள், ஒட்டுவது தோலுக்கு அடியிலுள்ள பச்சைப் படைதான். பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றி, ஐஸ்பழப் பையைத் தொப்பியாக மாட்டி ஒட்டுக்குக் கீழே கட்ட வேண்டும். வெயில் நேரே படாமல் தென்னோலை நிழல்.

நாலைந்து நாளில் மொட்டு விரிந்தால் சந்தோஷப்படவேண்டாம், அது கிளைக்குள் இருந்த சத்தில் வரும் பொய்த்துளிர், சிலவேளை அப்படியே வாடும். இரண்டு முதல் நாலு கிழமையில் வருவதுதான் நம்பத்தக்கது. நுனியிலிருந்து கறுத்தால் காய்ந்துவிட்டது, தொப்பியில் ஓட்டை இருக்கும். ஒட்டிலிருந்து மேலே கறுத்தால் அழுகல், கத்தி சுத்தமில்லை அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூன்று கிழமையாகியும் பச்சையாகவே சும்மா நின்றால் விட்டுவையுங்கள். சிவந்த இலை வந்ததும் தொப்பியை அந்திநேரத்தில் அடிப்பக்கம் மட்டும் தளர்த்தி, இரண்டு நாள் கழித்துக் கழற்றலாம். நாடாவை இரண்டு மூன்று மாதம் தொடவேண்டாம். அதற்கு மேலும் விட்டால் தண்டை நெரிக்கும்.

வளவில் ஏற்கெனவே புளிமாங்காய் மரம் ஒன்று நின்றால் கொட்டை போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. மாசியில், மழை ஓய்ந்ததும், மூன்றடி உயரத்தில் அறுத்துவிடலாம். முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து, இல்லாவிட்டால் விழும் பாரத்தில் தோல் அடிவரை உரியும். ஒரு கிளையை மட்டும் இலையோடு விட வேண்டும், வேருக்குச் சோறு போட. அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசாவிட்டால் திடீர் வெயிலில் தோல் வெடித்துத் தண்டு துளைப்பான் புகும். வரும் துளிர்களில் வெளிப்பக்கம் பார்த்த ஏழெட்டை விட்டு மற்றதைக் கழித்தால் ஆவணியில் ஒட்டும் தடிப்புக்கு வந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் காய். ஒட்டுகள் நிலைத்த பிறகு அந்தத் தாங்கு கிளையை அறுத்துவிடலாம்.

இப்படி மேலொட்டும்போது ஏழு துளிரில் ஆறுக்கு டொம்மும் ஒன்றுக்குக் கறுத்தக்கொழும்பானும் கட்டலாம், ருசிக்காரருக்கும் பழம் கிடைக்கும். அந்த ஒன்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம், எல்லாவற்றுக்கும் கீழே வரும் கிளையாக இருக்கட்டும். மேலே கட்டினால் மூன்றாம் வருஷம் டொம்மை மூடி நிழலாக்கிவிடும். அதைப் பலமாக வெட்டாமல் நுனியை மட்டும் கிள்ளி, வளைத்துக் கல்லுக் கட்டிப் படுக்கைவாக்கில் விட்டால் ஓட்டம் குறையும். கிளைக்கு ஒரு தகரத் துண்டில் பெயரைப் போட்டுவிடுங்கள், ஆவணியில் வெட்ட வரும் ஆளுக்கு எது எதுவென்று தெரியாது.